அரைகுறை எழுபது வேண்டாம்

ஹொண்டா சாலியும் சி50உம் ஓட்டும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

யாழ்ப்பாணத்தில் சின்ன ஹொண்டா வைத்திருப்பவர்களில் பலருக்கும் ஒருநாள் இந்த ஆசை வரும்: சி70இன் பிளொக்கையும் பிஸ்டனையும் வாங்கி எங்கள் 50இல் போட்டால் என்ன? கராஜில் கேட்டால், "அது அப்படியே இறங்கும் தம்பி, அரைநாள் வேலை" என்பார்கள். இறங்கும், உண்மைதான். இறங்கின பிறகு வருகிற கதையை யாரும் சொல்வதில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 50ஐ 70 ஆக்குவதில் எனக்கு மறுப்பில்லை. செய்வதென்றால் முழுதாகச் செய்யுங்கள், இல்லாவிட்டால் 50ஆகவே விட்டுவிடுங்கள். பிளொக் 70, ஹெட் 50, காபரேற்றர் 50, பிறேக் பழசு என்று பாதிவழியில் நிற்கிற வண்டிகள்தான் இப்போது எங்கள் றோட்டுகளில் அதிகம். அவற்றின் மேல்தான் எனக்குக் கோபம்.

கணக்கில் தொடங்குவோம். சி50இன் உள்விட்டம் 39 மில்லிமீற்றர். பிஸ்டன் அடியிலிருந்து உச்சிக்குப் போகும் தூரம், அதாவது ஸ்ரோக், 41.4. சி70இன் உள்விட்டம் 47. ஸ்ரோக் அதே 41.4. சாலியிலும் இதே கதைதான், சிஎஃப்50க்கும் சிஎஃப்70க்கும் வித்தியாசம் விட்டத்தில் மட்டும். ஸ்ரோக்கைத் தீர்மானிப்பது கிராங். கிராங்கில் கைவைக்கத் தேவையில்லை என்றால் என்ஜினின் அடிப்பகுதியைப் பிளக்கவும் தேவையில்லை. ஹெட்டைக் கழற்றி, பிளொக்கை உருவி, பிஸ்டனை மாற்றினால் வேலை முடிந்தது. 49.5 சிசி 71.8 ஆகிவிடுகிறது, நூற்றுக்கு 45 கூடுதல். ஹொண்டா ஒரே அடிக்கட்டையில் பல அளவு என்ஜின்களைக் கட்டியதால் வந்த வசதி இது. எல்லாக் கொம்பனி என்ஜின்களிலும் இவ்வளவு சுகமாக இந்த வேலை நடக்காது.

பிளொக்கைக் குடைந்து பெரிசாக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். றீபோர் என்பது தேய்ந்த பிளொக்கைக் காப்பாற்றுவதற்கு. ஓவர்சைஸ் பிஸ்டன் 0.25, 0.50, 0.75, 1.00 என்ற படிகளில் வரும். கடைசிப் படிக்குப் போனாலும் விட்டம் 40தான், கணக்குப் போட்டால் 52 சிசி. அந்த இரண்டரை சிசியை உங்கள் முதுகு உணராது. றீபோர் செய்த பிறகு வண்டி பறக்கிறது என்று யாராவது சொன்னால், அதற்கு முன் அந்த வண்டி எவ்வளவு தேய்ந்து கிடந்தது என்பதைத்தான் அவர் சொல்கிறார்.

இனி ஹெட். காசு மிச்சம் பிடிக்கப் போய் ஆட்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். "பிளொக்கும் பிஸ்டனும் போதும், ஹெட் பழையதே இருக்கட்டும்" என்பது அடிக்கடி காதில் விழும் ஆலோசனை. 50இன் ஹெட்டிலுள்ள எரியறை 39 மில்லிமீற்றர் பிஸ்டனுக்காகச் செய்த சின்னக் குழி. 50இன் அமுக்க விகிதம் 8.8க்கு 1 என்று வைத்துக்கொண்டால் அந்தக் குழியின் கொள்ளளவு ஆறு சிசிக்குச் சற்று மேல். அதே குழிக்குள் 71.8 சிசி கலவையை அமுக்கினால் விகிதம் 12க்குக் கிட்டப் போய்விடும். எங்கள் ஷெட்டுகளில் ஊற்றுவது 92 ஒக்ரேன் பெற்றோல், கையில் காசிருந்தால் 95. காற்றால் குளிரும் பழைய என்ஜின் ஒன்று, சித்திரை வெயிலில், இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு 12 விகிதத்தில் ஓடினால் பெற்றோல் பிளக்கின் பொறிக்குக் காத்திராமல் தானாகவே வெடிக்கும். அந்தத் தட்டுச் சத்தத்தை, "70இன் சத்தம் அப்படித்தான் மச்சான்" என்று பெருமையாகச் சொல்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். பிஸ்டன் உச்சியில் ஓட்டை விழும்போதுதான் சத்தத்தின் அர்த்தம் புரியும். 70இன் பிஸ்டன் உச்சி கும்பமாக இருந்தால் அது பழைய ஹெட்டில் முட்டவும் கூடும். சின்ன வால்வு வழியாகப் பெரிய பிளொக்குக்குப் போதிய காற்றும் போகாது. ஆகவே 70இன் பிளொக் வாங்கினால் 70இன் ஹெட்டும் வாங்குங்கள்.

பழைய ஹெட் வாங்கும்போது வெளியே மின்னுகிறதா என்று பார்க்காதீர்கள். வயர் பிரஷும் பெற்றோலும் இருந்தால் யாரும் மின்னவைக்கலாம். பழைய 6 வோல்ற் என்ஜின்களில் கம் தண்டு பெயாறிங்கில் சுழல்வதில்லை. ஹெட்டின் அலுமினியத்திலேயே நேரடியாகச் சுழல்கிறது. இடையில் இருப்பது ஒயில் படலம் ஒன்றுதான். ஸ்ரான்லி வீதியில் வாங்கினாலும் கொழும்பில் பஞ்சிகாவத்தையில் வாங்கினாலும் கம் தண்டை ஹெட்டுக்குள் போட்டு, இரு விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். டக், டக் என்று ஆடினால் வைத்துவிட்டு வாருங்கள். அந்தத் தேய்மானத்துக்கு மாற்றுப் பாகம் கிடையாது. கடைக்காரர் கோபிப்பார்தான், கோபிக்கட்டும்.

இன்னொன்று, பூட்டும்போது. ஹெட்டுக்கு ஒயில் ஏறுவது பிளொக்கின் நாலு ஸ்ரட்களில் ஒன்றின் ஓரமாக உள்ள துவாரத்தால். அதைச் சுற்றி ஒரு சின்ன இறப்பர் வளையம் இருக்கும். மேலே அந்த நட்டுக்கு மட்டும் செம்பு வொஷர். பழைய கெஸ்கற்றைச் சுரண்டும்போது இந்த வளையம் எங்கோ தெறித்துப் போய்விடும், யாரும் தேடுவதில்லை. ஒன்றில் ஒயில் வெளியே கசியும், அல்லது கம் தண்டு காயத் தொடங்கும். முன்பு சொன்ன தேய்மானங்களில் பாதி இப்படி வந்தவைதான் என்பது என் அபிப்பிராயம். ஹெட்டைப் பூட்டிய பின் ரைமிங்கைப் பொறுமையாகப் பாருங்கள்: பிளைவீலின் T கோடு அதன் அடையாளத்துக்கு நேரே வரும்போது கம் சில்லின் O குறி ஹெட்டின் வெட்டுக்கு நேரே நிற்கவேண்டும். ரப்பெற் இடைவெளி இரண்டு வால்வுக்கும் 0.05 மில்லிமீற்றர், என்ஜின் ஆறியிருக்கும்போது. இந்த அளவைக் கண்ணால் பார்த்து வைக்க முடியாது. ஃபீலர் கேஜ் இல்லாத மெக்கானிக்கிடம் ஹெட் வேலை கொடுக்காதீர்கள்.

காபரேற்றரும் இதனோடு சேர்ந்ததே. 50இன் மெயின் ஜெற் 50க்கென்று அளந்து செய்தது. காற்று கூடி, பெற்றோல் கூடாவிட்டால் கலவை மெலிந்து என்ஜின் சூடேறும். முதலில் நல்ல இழுவை தெரியும், பிறகு நடுவழியில் பிஸ்டன் இறுகும். சி70இன் காபரேற்றரே கிடைத்தால் பேச்சில்லை. கிடைக்காவிட்டால் ஜெற்றைப் படிப்படியாகப் பெரிசாக்கி, ஒவ்வொரு முறையும் ஓடிவிட்டு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். மண்ணிறம் நல்லது. சாம்பல் வெள்ளை என்றால் இன்னும் பெற்றோல் வேண்டும், கரிப்பூச்சு என்றால் அதிகம் போகிறது. முன் பல்லுச்சில்லில் ஒரு பல்லுக் கூட்டினால் என்ஜின் கத்தாமல் ஓடும். கூட்டிய பலத்தை எல்லாம் கத்துவதற்கே செலவழிக்கிற வண்டிகளும் உண்டு.

இவ்வளவும் செய்யுமுன் அடிக்கட்டையைச் சோதியுங்கள். பிளொக்கைக் கழற்றியதும் கொனெக்ரிங் றொட்டைப் பிடித்து நேர் மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் அசையலாம். மேலும் கீழும் அசையவே கூடாது. பிஸ்டனின் பரப்பு 45 வீதம் கூடினால் அதன்மேல் விழும் அடியும் அதே வீதத்தில் கூடும். நாற்பது, ஐம்பது வருஷம் ஓடிய கிராங் பெயாறிங் 50இன் அடியை இன்னும் சில காலம் தாங்கியிருக்கும், 70இன் அடியைத் தாங்காது. இந்த என்ஜின்களுக்குக் கடதாசி ஒயில் பில்ரர் இல்லை. ஒரு வலையும், கிளச்சோடு சுழன்று அழுக்கை ஒதுக்கும் ஒரு கிண்ணமும்தான். உள்ளே இருப்பது ஒரு லீற்றரும் கொள்ளாத ஒயில். அதை அடிக்கடி மாற்றுவதுதான் இதற்கு வைத்தியம். புது றிங் போட்ட வண்டியை முதல் ஐந்நூறு கிலோமீற்றருக்கு முறுக்காதீர்கள் என்று சொன்னால் சிரிப்பீர்கள், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

"90 பிஸ்டன்" என்றொரு வியாபாரமும் இப்போது நடக்கிறது. பின்னாளில் வந்த சி90இன் உள்விட்டமும் 47தான், சி70இன் அதே அளவு. அதனால் 70இன் பிளொக்குக்குள் 90இன் பிஸ்டனைப் போட்டுவிட்டு, "தம்பி, இனி இது 90" என்று காசு வாங்குகிறார்கள். 90ஐ 90 ஆக்குவது அதன் கிராங், 49.5 மில்லிமீற்றர் ஸ்ரோக். பிஸ்டனை மாற்றுவதால் ஒரு சிசியும் கூடாது. அதற்கு மேல், ஸ்ரோக் வேறான என்ஜினுக்குச் செய்த பிஸ்டனில் பின் துவாரம் இருக்கும் உயரமும் வேறாக இருக்கலாம். அமுக்கம் குறைந்து போகும், அல்லது பிஸ்டன் ஹெட்டில் தட்டும். உண்மையான 90 வேண்டுமானால் அந்த கிராங், அந்தப் பிளொக், அந்த ஹெட், கிராங் கேஸ் வேலை என்று எல்லாம் வேண்டும். அதற்கு ஒரு முழு 90 என்ஜினையே தேடி வாங்கலாம். ஹீரோ ஹொண்டா ஸ்பிளெண்டரின் ஸ்ரோக்கும் 49.5, விட்டம் 50, மொத்தம் 97.2 சிசி. இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு அதன் பிளொக்கையும் தூக்கிக்கொண்டு லேத்துக்கு ஓடாதீர்கள். எண் பொருந்துவதும் ஸ்ரட் பொருந்துவதும் ஒன்றல்ல. வேர்னியரால் அளந்த பிறகு காசைக் கொடுங்கள்.

ஜப்பானில் இதே வேலையை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தால் எங்களுக்கு உறைக்கும். அங்கே 50 சிசி வரையான வண்டிக்கு வெள்ளை இலக்கத்தகடு, 51 முதல் 90 வரை மஞ்சள், 91 முதல் 125 வரை இளஞ்சிவப்பு. வெள்ளைத் தகட்டில் மணிக்கு 30 கிலோமீற்றருக்கு மேல் ஓடக்கூடாது, பின்னால் ஆள் ஏற்றக்கூடாது, பெரிய சந்திகளில் நேரே வலப்பக்கம் திரும்பவும் முடியாது. நேரே போய் நின்று, இரண்டாம் கட்டமாகத்தான் திரும்பவேண்டும். இந்தக் கட்டுப்பாடுகளிலிருந்து தப்பத்தான் அங்குள்ளவர்கள் ஹொண்டா மங்கியையும் கப்பையும் பெரிசாக்கினார்கள். அவர்களுக்கென்றே ரகேகாவா, கிற்றாக்கோ முதலிய கொம்பனிகள் 52 மில்லிமீற்றர் விட்டமுள்ள பிளொக் செற் செய்து விற்றன. ஸ்ரோக் அதே 41.4, கணக்குப் பார்த்தால் 87.9, பெட்டியில் 88 என்று போடுவார்கள். 90க்குள் நிற்பதால் மஞ்சள் தகடு போதும். பெட்டியில் பிளொக், பிஸ்டன், கெஸ்கற் எல்லாம் இருக்கும். பெரிய செற் என்றால் ஹெட்டும் கம் தண்டும் சேர்த்தே வரும். பூட்டிய பின் நகரசபை அலுவலகத்துக்குப் போய், அளவு மாறியதை எழுதிக்கொடுத்து, வெள்ளைத் தகட்டைக் கொடுத்து மஞ்சளை வாங்குகிறார்கள். பெரிசாக்குவது அங்கேயும் ஒரு பொழுதுபோக்குத்தான், ஆனால் வெளிப்படையான பொழுதுபோக்கு. அந்த 50 சிசி வண்டிகளின் காலமே அங்கே இப்போது முடிவுக்கு வருகிறது. 2025 ஏப்ரல் 1 முதல், பலத்தை 4 கிலோவாற்றுக்குள் அடக்கிய 125 சிசி வண்டியையும் அதே அனுமதிப்பத்திரத்தில் ஓட்டலாம் என்று சட்டம் மாறியது. 2025இல் ஹொண்டா 50 சிசி உற்பத்தியையும் நிறுத்திவிட்டது. சுப்பர் கப் முதலில் வந்தது 1958இல். இனி உங்கள் கையிலிருக்கும் 39 மில்லிமீற்றர் பிளொக்குகள் எண்ணிக்கையில் குறைந்துகொண்டே போகும்.

எங்கள் ஊர் இந்த என்ஜினிடம் பட்ட கடனையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடையால் பெற்றோல் வராமல் போனபோது குடாநாடு ஓடியது மண்ணெண்ணெயில். ஒரு சின்னப் போத்தலில் பெற்றோலை வைத்திருந்து, காபரேற்றருக்கு இரண்டு துளி பீச்சி ஸ்ரார்ட் செய்து, என்ஜின் பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாறுவார்கள். புகையும் நாற்றமும் சொல்லி மாளாது. மண்ணெண்ணெயின் ஒக்ரேன் மிகக் குறைவு. அமுக்கம் குறைந்த, அடக்கமான என்ஜின்தான் அதைத் தின்று சீவிக்கும். ஹொண்டாக்காரன் கண்டபடி பலத்தைத் திணிக்காமல் விட்ட அந்த இடைவெளியில்தான் சி50உம் 70உம் 90உம் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஆட்களைக் கொண்டுபோயின. பிறகு 2022இன் எரிபொருள் தட்டுப்பாடு. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நாலு லீற்றர் என்று கியூஆர் அட்டையில் பெற்றோல் அளந்தபோது 50 வைத்திருந்தவர் நிம்மதியாகத் திரிந்தார். 12 விகிதத்துக்கு அமுக்கிய அரைகுறை 70 அந்த மண்ணெண்ணெய்க் காலத்தில் வழியிலேயே நின்றிருக்கும்.

இனி பிறேக். இதைப் பற்றி நீங்கள் யாரும் கேட்பதில்லை என்பதால் நானாகவே சொல்கிறேன். சாலியின் சில்லு 10 அங்குலம். அதற்குள் இருப்பது 50 சிசி வேகத்தை நிறுத்தச் செய்த சின்ன டிறம். மணிக்கு 60இல் போன வண்டி 75இல் போனால் வேகம் கால்வாசிதான் கூடியது. நிறுத்தவேண்டிய சக்தியோ ஐம்பது வீதத்துக்கும் மேலே கூடிவிட்டது. ஏ9இல் இப்போது பஸ்களும் வான்களும் ஓடும் வேகம் உங்களுக்குத் தெரியும். சாவகச்சேரிப் பக்கம் ஒரு மாடு குறுக்கே வந்தால் உங்களைக் காப்பாற்றப் போவது 47 மில்லிமீற்றர் பிஸ்டனில்லை, முன் பிறேக்கின் சூ. 70 ஆக்கும் அன்றே முன்னும் பின்னும் புது சூ, புது கேபிள், நல்ல ரயர் போடுங்கள். டிறம் உள்ளே வழுவழுப்பாக, வட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். குறோம் சைலன்சருக்குக் கொடுக்கும் காசை முதலில் இதற்குக் கொடுங்கள்.

சீன 110 என்ஜினை அப்படியே சாலியில் தூக்கி மாட்டுவதை நான் ஏற்கவில்லை. அந்த என்ஜின் கூடாது என்பதில்லை. அந்தச் சட்டகத்துக்கும் அந்தச் சில்லுக்கும் அது அதிகம். இன்னொரு சிக்கலும் உண்டு: இலங்கையில் ஏ1 அனுமதிப்பத்திரம் 100 சிசி வரைக்கும்தான். உங்கள் கையிலிருப்பது ஏ1 என்றால், 110 மாட்டிய நாளிலிருந்து நீங்கள் அனுமதிப்பத்திரமே இல்லாமல் ஓடுகிறீர்கள். விபத்து என்று வந்தால் காப்புறுதிக்காரர் முதலில் பார்ப்பது அதைத்தான். 72இல் இந்தப் பிரச்சினை வராது. என் கணக்கில் சாலிக்கு எல்லை 72.

கடைசியாக, புத்தகம். பதிவுப் புத்தகத்தில் என்ஜின் கொள்ளளவு என்றொரு வரி இருக்கிறது. சி50 என்ஜினின் அடியில் இலக்கம் சி50இ என்று தொடங்கும். நீங்கள் மேலே எதை மாற்றினாலும் அந்த எழுத்து மாறாது, மாற்றவும் கூடாது. இலக்கத்தைத் தேய்ப்பது களவு வண்டிக்காரரின் வேலை. மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்துகொள்ளுங்கள். அலைச்சல்தான், ஆனால் ஒருமுறை அலைச்சல். புத்தகத்தில் 49, பிளொக்கில் 72 என்று கிடக்கும் வண்டி உங்கள் கையை விட்டுப் போன பிறகு அதை வாங்கியவர் அலையவேண்டியிருக்கும்.

கராஜ் வைத்திருக்கும் அண்ணைமாரிடமும் ஒரு வார்த்தை. வருகிற பொடியனுக்குப் பிளொக்கின் விலையை மட்டும் சொல்லாதீர்கள். ஹெட், ஜெற், கெஸ்கற், பிறேக் சூ எல்லாம் சேர்த்த மொத்தக் கணக்கைக் கடதாசியில் எழுதிக் கொடுங்கள். கையில் காசு போதாவிட்டால், "இப்ப வேண்டாம் தம்பி, காசு சேர்த்துக்கொண்டு வா" என்று திருப்பி அனுப்புங்கள்.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, மாற்றுவது என்று முடிவு செய்தால் கழற்றிய 39 பிளொக்கையும் பிஸ்டனையும் ஹெட்டையும் எறியாதீர்கள், பழைய இரும்புக்காரருக்கும் போடாதீர்கள். ஒயில் பூசிச் சுற்றி வையுங்கள். வண்டியை விற்கும் நாளில் உள்ளே இருப்பது 70 என்பதை வாங்குபவரிடம் வாய்திறந்து சொல்லி, அந்தப் பழைய பாகங்களையும் சேர்த்தே கொடுங்கள்.